மோப்பம் பிடிப்பது சோதனை ஆகுமா?

2012 மார்ச் 27, நள்ளிரவு தாண்டி ஆறு நிமிடம். நெப்ராஸ்கா மாநில நெடுஞ்சாலை 275-இல் ஒரு மெர்குரி மவுண்டனீர் வண்டி சாலையோரக் கோட்டைத் தாண்டி ஓரிரு விநாடி ஓடிவிட்டு, சட்டென்று பாதைக்குத் திரும்பியது. அந்த மாநிலத்தில் அது போக்குவரத்துக் குற்றம். பின்னால் வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். பள்ளத்துக்கு ஒதுங்கினேன் என்றார் வண்டியை ஓட்டிய ரோட்ரிகஸ். லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சரிபார்த்தாயிற்று. 12.27 அல்லது 12.28-க்கு எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து, வாங்கிய ஆவணங்களையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதன் பிறகு அந்தக் காவலர், "வண்டியைச் சுற்றி நாயைக் கூட்டிப்போகலாமா?" என்று கேட்டார். முடியாது என்றார் ஓட்டியவர். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நிற்கச் சொன்னார்கள். 12.33-க்கு இரண்டாவது காவலர் வந்து சேர்ந்தார். ஃபிளாய்டு என்ற போலீஸ் மோப்ப நாய் வண்டியை இரண்டு முறை சுற்றியது. இரண்டாவது சுற்றின் பாதியில், போதைப்பொருள் வாசனை இருக்கிறது என்று சைகை காட்டியது. உள்ளே ஒரு பெரிய பையில் மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) என்ற போதைப்பொருள் இருந்தது.

சீட்டு கைமாறியதற்கும் நாய் சைகை காட்டியதற்கும் இடையே ஏழெட்டு நிமிடம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் ரோட்ரிகஸ் வழக்கில் தீர்ப்பளித்தது இந்த ஏழெட்டு நிமிடங்களைப் பற்றித்தான். நாயின் மூக்கைப் பற்றி அதில் யாரும் பேசவில்லை, ஏனென்றால் அது 1983-லேயே பேசி முடிக்கப்பட்ட விஷயம். அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றவை புரியும்.

நியாயமற்ற சோதனையும் பறிமுதலும் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம். ஒரு செயல் அந்தத் திருத்தத்தின் பொருளில் "சோதனை" என்று ஆகிவிட்டால் வாரண்ட் வேண்டும், அல்லது முகாந்திரம் (குற்றத்தின் தடயம் கிடைக்கும் என்று நம்பப் போதுமான காரணம்) வேண்டும், அல்லது ஏற்கப்பட்ட ஏதாவது விதிவிலக்கு வேண்டும். சோதனையே இல்லை என்று ஆகிவிட்டால் எதுவும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை, யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆகவே "இது சோதனையா?" என்ற ஒரு கேள்வியில் வழக்கின் பாதி தீர்ந்துவிடுகிறது.

பிளேஸ் வழக்கு 1983-இல் வந்தது. மயாமியிலிருந்து நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் வந்து இறங்கிய பயணி ஒருவரின் இரண்டு பெட்டிகளை அதிகாரிகள் வாங்கிக்கொண்டு, நாய் இருந்த கென்னடி விமான நிலையத்துக்கு எடுத்துப்போனார்கள். ஒரு பெட்டியில் நாய் தெளிவாகச் சைகை காட்டியது, மற்றதில் தெளிவில்லை. அன்று வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை வரை பெட்டிகளை வைத்திருந்து, வாரண்ட் வாங்கித் திறந்தபோது 1,125 கிராம் கொக்கைன் இருந்தது. நாய் முகர்வதற்கு முன்பே பெட்டிகளை 90 நிமிடம் பிடித்து வைத்தது நியாயமற்ற பறிமுதல் என்று சொல்லி, சாட்சியம் செல்லாது என்றது நீதிமன்றம். வழக்கு அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னது: நாய் முகர்வது பெட்டியைத் திறப்பதில்லை, உள்ளே இருக்கும் மற்ற பொருள்களை அம்பலப்படுத்துவதில்லை, தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே சொல்கிறது, ஆகவே அது சோதனை ஆகாது. இதுகுறித்து இரு தரப்பும் வாதங்களை எழுதித் தந்திருக்கவில்லை என்று சில நீதிபதிகள் அப்போதே குறைப்பட்டார்கள். வழக்கைத் தீர்க்கத் தேவைப்படாத இந்த வரிதான் நாற்பது ஆண்டுகளாகச் சட்டமாக நிற்கிறது. இப்படிப்பட்ட வரிக்கு இவ்வளவு கனம் ஏற்றியிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

2005-இல் கபாயஸ் வழக்கு அதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 65 மைல் வரம்புள்ள இல்லினாய் நெடுஞ்சாலையில் 71 மைல் வேகத்தில் போனதற்காக ஒரு கார் நிறுத்தப்பட்டது. ஒரு காவலர் எச்சரிக்கைச் சீட்டு எழுதிக்கொண்டிருக்க, வயர்லெஸ்ஸில் செய்தி கேட்டுவந்த இன்னொருவர் நாயோடு காரைச் சுற்றினார். டிக்கியில் கஞ்சா. எல்லாம் பத்து நிமிடத்துக்குள். போதைப்பொருள் இருக்கிறது என்று சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும், நிறுத்திய நேரம் நீளவில்லை என்றால் நாயைச் சுற்றவிடலாம் என்றது தீர்ப்பு. தவறே செய்யாத நாய் என்பது சட்டம் உருவாக்கிய கற்பனை என்ற பொருளில் மாறுபட்டு எழுதினார் நீதிபதி டேவிட் சூட்டர். செயற்கையான பரிசோதனைகளில் 12.5 முதல் 60 சதவீதம் வரை தவறான சைகைகள் வந்ததாகச் சொன்ன ஓர் ஆய்வை அவர் எடுத்துக்காட்டினார்.

இந்த இடத்தில் நாய் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கொக்கைன் மூலக்கூறையே நாய் முகர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கொக்கைன் எளிதில் ஆவியாகாது. அது காற்றின் ஈரத்தில் சிதையும்போது வரும் மெத்தில் பென்சோயேட் என்ற பொருளின் வாசனையைத்தான் நாய் பிடிக்கிறது. ஹெராயினில் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் வாசனை. மெத்தாம்ஃபெட்டமின் என்றால் பென்சால்டிஹைடு, கிட்டத்தட்ட பாதாம் வாசனை. இவற்றில் எதுவும் தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. ரூபாய் நோட்டு போல டாலர் நோட்டும் பல கை மாறுவது. அதில் கொக்கைன் தூள் ஒட்டியிருப்பது சாதாரணம். லாஸ் ஏஞ்சலிஸில் புழங்கும் நோட்டுகளில் 75 சதவீதத்துக்கு மேல் கறைபட்டவை என்ற சாட்சியத்தை ஏற்று, போதைப்பொருள் பணம் என்று போலீஸ் பறிமுதல் செய்யும் பணக்கட்டின் மேல் நாய் காட்டும் சைகைக்கு மதிப்புக் குறைவு என்றது, பிராந்தியவாரியாகப் பிரிந்த கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம், 1994-இல். 2005-இல் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே வேதியியலை வைத்து எதிர்முடிவுக்கு வந்தது: நாய் தேடுவது மெத்தில் பென்சோயேட்டை, அது சீக்கிரம் ஆவியாகிவிடும், ஆகவே சைகை காட்டினால் அந்தப் பணம் சமீபத்தில் கொக்கைனுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஒரே மூலக்கூறை வைத்துக்கொண்டு இரு நீதிமன்றங்கள் இரு திசையில் போயின. பணத்தை இழந்தவருக்கு எந்த மாநிலத்தில் வண்டி நிறுத்தப்பட்டது என்பதுதான் முடிவு.

நாய்க்குப் போதைப்பொருளில் அக்கறை கிடையாது. சுருட்டிய துண்டோ ரப்பர் பொம்மையோ பரிசாகக் கிடைக்கும் என்பதற்காகத்தான் அது தேடுகிறது. பயிற்சியில் குறிப்பிட்ட வாசனையை அந்தப் பொம்மையோடு முடிச்சுப் போடுகிறார்கள். வாசனை வந்தால் உட்கார வேண்டும், அல்லது பிறாண்ட வேண்டும். உட்கார்வது கடைசிச் சைகை. அதற்கு முன்பே மூச்சு மாறும், தலை சட்டென்று திரும்பும், வால் விறைக்கும். இந்த மாற்றங்களைப் படிக்கத் தெரிந்தவர் அந்த நாயைக் கையாளும் காவலர் மட்டுமே. கடைசிச் சைகை வராதபோதும், "எனக்குத் தெரியும், அது வாசனை பிடித்துவிட்டது" என்று அவர் சாட்சி சொல்லலாம். மறுக்க வேறு யாரும் இல்லை.

காரைச் சுற்றும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, காற்றுக்கு எதிராக நாய் வரும்படி தொடங்குவார்கள். கதவு இடுக்கு, டிக்கி விளிம்பு, சக்கர வளைவு, பம்பரின் அடிப்பகுதி, இவையே வாசனை கசியும் இடங்கள். கையாளுபவர் கையால் தொட்டுத் தொட்டு இடத்தைக் காட்டிக்கொண்டே போவார். இங்கேதான் சிக்கல். டிக்கிக்குப் பக்கத்தில் அவர் கால் ஒரு விநாடி தயங்கினால், கயிறு கொஞ்சம் இறுகினால், ஒரே இடத்தை மூன்று முறை தட்டிக் காட்டினால், நாய் அதைக் கவனிக்கும். மனிதர் முகத்தையும் உடம்பையும் படிப்பதில் நாய்க்கு இணையான மிருகம் இல்லை. தான் உட்காரும்வரை அவர் நகரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டால் அது உட்கார்ந்துவிடும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து 2011-இல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. 18 நாய்-காவலர் ஜோடிகள், நான்கு அறைகள். போதைப்பொருளோ வெடிபொருளோ எங்கும் வைக்கப்படவில்லை. சில இடங்களில் மட்டும் சிவப்புக் காகிதம் ஒட்டி, அது வாசனை உள்ள இடத்தைக் குறிக்கிறது என்று கையாளுபவர்களிடம் சொல்லியிருந்தார்கள். சில இடங்களில் நாயை ஈர்க்கத் தொத்திறைச்சியும் டென்னிஸ் பந்தும் மறைத்து வைத்திருந்தார்கள். 144 தேடல்களில் ஒரு சைகையும் வராமல் சுத்தமாக முடிந்தவை 21 மட்டுமே. மொத்தம் 225 சைகைகள், அத்தனையும் தவறு. நாய்க்குப் பிடித்த தொத்திறைச்சி இருந்த இடத்தைவிட, மனிதர் நம்பிய சிவப்புக் காகிதம் இருந்த இடத்தில் அதிகம். சைகை காட்டியதாகச் சொன்னவர் கையாளுபவர்தான் என்பதால், நாய் ஏமாந்ததா, மனிதர் கண் ஏமாந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அதைப் பிரிக்க முடியாது.

இந்தப் பின்னணியில்தான் 2013-இன் ஹாரிஸ் வழக்கு எனக்கு உறுத்துகிறது. ஃபுளோரிடாவில் ஆல்டோ என்ற ஜெர்மன் ஷெப்பர்டு ஒரு டிரக்கின் கதவுக் கைப்பிடியில் சைகை காட்டியது. உள்ளே அது பயிற்சி பெற்ற எந்தப் போதைப்பொருளும் இல்லை. இருந்தவை 200 சூடோஎஃபெட்ரின் மாத்திரைகளும் 8,000 தீக்குச்சிகளும் மெத் காய்ச்சத் தேவைப்படும் வேறு சாமான்களும். ஜாமீனில் இருந்த அதே ஆளை மறுபடி நிறுத்தியபோது ஆல்டோ மறுபடியும் அதே கைப்பிடியில் சைகை காட்டியது. அந்த முறை எதுவும் கிடைக்கவில்லை. நாயின் களப்பதிவுகளை, அதாவது உண்மையான தேடல்களில் எத்தனை முறை சரி, எத்தனை முறை தவறு என்ற பதிவுகளைக் காட்டினால்தான் முகாந்திரத்தை ஏற்போம் என்றது ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்து அதைத் தள்ளினார்கள். நம்பகமான அமைப்பின் சான்றிதழோ, முறையாக முடித்த சமீபத்திய பயிற்சியோ இருந்தால், எதிர்த்தரப்பு அதை அசைக்காதவரை அதுவே போதும் என்று எழுதினார் நீதிபதி எலெனா கேகன். களத்தில் வெறுங்கையோடு முடிந்த சைகைகள் பழைய வாசனையாகவும் இருக்கலாம், ஆகவே பயிற்சிக் கூடத்துப் பதிவே நம்பகமானது என்பது அவர் வாதம்.

வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நேற்று யாரோ கஞ்சாவோடு அந்தக் காரில் உட்கார்ந்திருந்தால் இன்றும் மணக்கும். ஆனால் கேட்கப்படும் கேள்வி நாய் வாசனையைப் பிடித்ததா என்பதில்லை, காரில் பொருள் இப்போது இருக்கிறதா என்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கார்கள், அவற்றில் 10-இல் பொருள் இருக்கிறது என்று வையுங்கள். பத்தில் ஒன்பதைக் கண்டுபிடிக்கும், பொருளில்லாத காரில் 5 சதவீதம் மட்டுமே தவறும் நல்ல நாய். அது 9 காரைச் சரியாகக் காட்டும். மீதி 990-இல் சுமார் 50 காரைத் தவறாகக் காட்டும். சைகை காட்டிய 59 காரில் பொருள் இருப்பது 9-இல். 15 சதவீதம். சந்தேகமே இல்லாமல் கண்ட காரையெல்லாம் முகரவிட்டால் எவ்வளவு நல்ல நாயும் இப்படித்தான் ஆகும். முன்கூட்டியே ஏதாவது சந்தேகம் இருந்து நாயைக் கூப்பிட்டால் கணக்கு தலைகீழாக மாறும். நாய் ஒன்றுதான், எந்தக் காரில் விட்டோம் என்பதில்தான் வேறுபாடு. களப்பதிவு இல்லாமல் இதை எப்படி அளப்பது?

களப்பதிவு கிடைத்தாலும் பெரிதாக உதவுவதில்லை என்பதற்கு 2015-இன் பெண்ட்லி வழக்கு சாட்சி. இல்லினாயின் லெக்ஸ் என்ற நாய், கூப்பிட்ட தடவைகளில் 93 சதவீதம் சைகை காட்டியிருந்தது. அவற்றில் சரியாக இருந்தவை 59.5 சதவீதம். கிட்டத்தட்ட எப்போதும் "ஆம்" சொல்லும் நாய் என்ன தகவல் தருகிறது என்று நீதிமன்றமே கவலைப்பட்டது. ஆனாலும் மற்ற சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்து முகாந்திரம் இருந்தது என்றே முடித்தது.

நாயின் திறமையைத் தாக்கி வெல்வது கடினம் என்பதால், வழக்கறிஞர்கள் வென்றது வேறு இரண்டு வழியில்: கடிகாரம், கால்.

கடிகாரம் என்பது ரோட்ரிகஸ். சீட்டு எழுதவும் ஆவணங்களைச் சரிபார்க்கவும் தேவைப்படும் நேரம் முடிந்ததும், அல்லது நியாயமாக முடிந்திருக்க வேண்டிய நேரம் வந்ததும், பிடித்து வைக்கும் அதிகாரமும் முடிகிறது. அதன்மேல் ஒரு நிமிடம் ஆனாலும் தனியாக நியாயமான சந்தேகம் (முகாந்திரத்தைவிடக் குறைந்தது, ஆனால் வெறும் ஊகமாக இல்லாத காரணம்) வேண்டும். ஏழெட்டு நிமிடம்தானே, சின்ன விஷயம் என்ற கீழ்நீதிமன்றத்தின் பதிலை நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஏற்கவில்லை. மற்ற வேலைகளைச் சீக்கிரம் முடித்து மிச்சம் பிடித்த நேரத்தை நாய்க்குச் செலவழிக்கலாம் என்பதையும் ஏற்கவில்லை. நாய் சீட்டுக்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா என்பது முக்கியமில்லை. நாயால் நேரம் நீண்டதா என்பதே கேள்வி.

நடைமுறையில் இதன் விளைவு: ஒருவர் சீட்டு எழுதிக்கொண்டே இருக்க, இன்னொருவர் நாயோடு சுற்றினால் பெரும்பாலும் தப்பில்லை. ஒரே காவலர் சீட்டை நிறுத்தி வைத்துவிட்டு நாய்க்கு போன் செய்தால், எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு என்று சம்பந்தமில்லாமல் பேச்சை வளர்த்தால், சிக்கல் அவருக்கு. ஆகவே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது டாஷ்கேமரா, பாடி கேமரா, கட்டுப்பாட்டு அறை நேரப்பதிவு, இந்த மூன்றையும். மூன்றையும் பக்கத்தில் வைத்து நிமிடம் நிமிடமாக எழுதிப் பார்த்தால், பேனா எப்போது நின்றது என்று தெரியும். ஓட்டுபவர் பக்கத்தில் முக்கியம் ஒன்றுதான்: சோதனைக்குச் சம்மதிக்கிறீர்களா என்று கேட்டால் சம்மதமில்லை என்று மரியாதையாக, வாய் திறந்து சொல்வது. சம்மதித்துவிட்டால் கடிகாரம் பற்றிய வாதம் பெரும்பாலும் போய்விடும். மறுக்கும் உரிமை உண்டு என்றோ, நீங்கள் கிளம்பலாம் என்றோ போலீஸ் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. "நான் போகலாமா?" என்று கேட்பதும் பதிவில் இருக்கட்டும். இறங்கச் சொன்னால் இறங்கிவிட வேண்டும். அந்த உத்தரவு செல்லும். நாயைத் தடுக்கக் கை நீட்டக் கூடாது.

ரோட்ரிகஸ் தன் வழக்கில் வென்றும் தண்டனையிலிருந்து தப்பவில்லை. அன்றிருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை நம்பித்தான் காவலர் நடந்துகொண்டார் என்று சொல்லி, நல்லெண்ண விதிவிலக்கின் கீழ் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டார்கள். அவர் பெயரில் உள்ள விதி அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் பயன்பட்டது.

கால் என்பது ஜார்டீனஸ், அதுவும் 2013. மயாமியில் ஒரு வீட்டு வாசலுக்கு ஃபிராங்கி என்ற லாப்ரடாரை ஆறடிக் கயிற்றில் கூட்டிப்போனார்கள். அது முன்னும் பின்னும் ஓடி, கதவடியில் உட்கார்ந்தது. அதை வைத்து வாரண்ட் வாங்கினார்கள், உள்ளே கஞ்சாச் செடிகள். நீதிபதி அன்டோனின் ஸ்காலியா மூக்கைப் பற்றிப் பேசவே இல்லை. யார் வேண்டுமானாலும் வாசல் வரை வந்து கதவைத் தட்டி, சற்று நின்று, பதில் இல்லையென்றால் திரும்பிப் போகலாம். தபால்காரரும் அப்படித்தான் வருகிறார், விற்பனைக்காரரும் அப்படித்தான். ஆனால் திண்ணையில் மோப்ப நாயை விட்டுத் துழாவுவதற்கு எந்த வீட்டுக்காரரும் சொல்லாமல் சொல்லிக்கூட அனுமதி தந்ததில்லை. அந்த நோக்கத்தோடு அங்கே கால் வைத்ததே அத்துமீறல், ஆகவே சோதனை. 5-4 என்று வந்த தீர்ப்பு. இதே முடிவுக்கு வீட்டின் அந்தரங்கம் வழியாகவும் வரலாம் என்று கேகன் தனியாக எழுதினார்.

அந்தத் தனி எழுத்துதான் அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்குப் பயன்பட்டது. பொது நடைபாதை யாருடைய திண்ணையும் இல்லை. அத்துமீறல் வாதம் அங்கே நிற்காது. 2016-இல் விட்டேக்கர் வழக்கில் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தரங்க வாதத்தை எடுத்துக்கொண்டு, குடியிருப்புக் கதவில் நாயை முகரவிட வாரண்ட் வேண்டும் என்றது. மின்னசோட்டாவில் நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்றார்கள். தனி வீடு வாங்கியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வாடகைக் குடியிருப்புக்காரருக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அத்துமீறல் வாதம் கார்களுக்கும் வந்துவிட்டது. 2023-இல் ஐடஹோ உச்ச நீதிமன்றத்தில் டார்ஃப் வழக்கு: நீரோ என்ற நாய் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களை ஓட்டுநர் கதவிலும் கண்ணாடியிலும் ஊன்றியது. காரை முகர்ந்தது பிரச்சினையில்லை, காரைத் தொட்டுக்கொண்டு முகர்ந்ததுதான் பிரச்சினை என்று சொல்லி, சோதனை என்றார்கள். பல கூட்டாட்சி நீதிமன்றங்களில் இதற்கு நேர்மாறான விதி: நாய் தன்னிச்சையாக ஜன்னலுக்குள் மூக்கை விட்டால் குற்றமில்லை, போலீஸ்காரர் கதவைத் திறந்து வைத்து வழி செய்தால்தான் குற்றம். பாடி கேமராவில் பார்க்க வேண்டியது நாயின் பாதங்களையும் காவலரின் கைகளையும்தான்.

மனிதர் உடம்பை முகர்வது வேறு கதை. 1982-லேயே டெக்சாஸ் பள்ளி வழக்கொன்றில், குழந்தைகளின் உடம்பில் நாய் மூக்கை வைத்து முகர்வது சோதனை என்று ஐந்தாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களின் அலமாரிகளையும் கார்களையும் முகர்வது சோதனை இல்லை. நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2023-இல் பட்லர் வழக்கில் வயது வந்தவர்களுக்கும் அதையே சொன்னது. கனடாவில் 2008 முதல் விதியே வேறு: நாய் முகர்வது சோதனைதான், நியாயமான சந்தேகம் முன்கூட்டியே வேண்டும். டொராண்டோவில் கார் ஓட்டும் நம்மவர்கள் நயாகராவைத் தாண்டி பஃபலோவுக்குள் நுழைந்ததும் இன்னொரு சட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

1983-இன் வரியை அடியோடு ஆட்டிக்கொண்டிருப்பது, யாரும் எதிர்பாராமல், கஞ்சாவே. தடை செய்யப்பட்ட பொருளை மட்டுமே நாய் காட்டும் என்பதுதானே அந்த வரியின் ஆதாரம்? கொலராடோவில் 21 வயதான எவரும் இரண்டு அவுன்ஸ், சுமார் 57 கிராம் கஞ்சா வைத்திருக்கலாம் (2021 வரை ஒரு அவுன்ஸ்). அங்கே கிரேக் என்ற ஊரில் கிலோ என்ற நாய் ஒரு டிரக்கில் சைகை காட்டியது. உள்ளே மெத் படிந்த ஒரு குழாய். கிலோ ஐந்து வாசனைகளுக்குப் பயிற்சி பெற்றது, கஞ்சா அவற்றில் ஒன்று. ஐந்துக்கும் அதே சைகை. சட்டப்படி வைத்திருக்கும் பொருளையும் காட்டிவிடக்கூடிய நாய் முகர்வது மாநில அரசியல் சாசனப்படி சோதனைதான், அதற்கு முகாந்திரம் முன்பே வேண்டும் என்று 2019-இல் மெக்நைட் வழக்கில் கொலராடோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இன் விவசாயச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதும் டிஹெச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) 0.3 சதவீதத்துக்கு மிகாத சணல் வகைக் கஞ்சா சட்டபூர்வப் பயிர். வாசனை ஒன்றுதான், சதவீதத்தை மூக்கு அளக்காது.

ஒருமுறை பழக்கிய வாசனையை நாயின் மூக்கிலிருந்து அழிப்பது எளிதில்லை. அதனால் பல காவல்துறைகள் பழைய நாய்களை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, கஞ்சாவைச் சேர்க்காமல் புதிய நாய்களைப் பழக்குகின்றன. பழைய நாய் பணியில் இருக்கும் இடங்களில், சாட்சிக் கூண்டில் ஏறும் கையாளுபவரிடம் வழக்கறிஞர் கேட்கும் கேள்வி இப்போது சுருங்கிவிட்டது: அன்று உங்கள் நாய் எந்த வாசனைக்காக உட்கார்ந்தது? எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் உட்காரும் என்பதைத் தவிர அவரால் வேறு எதுவும் சொல்ல முடியாது.